வில்லை இறக்கும் பயிற்சி



ஆறு மாதம் அமெரிக்காவில் பையன் வீட்டில் இருந்துவிட்டு, அக்டோபரில் ஊர் வந்து சேர்ந்தோம். "சார், நயாகரா பாத்தீங்களா? சுதந்திர தேவி சிலை பாத்தீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பார்க்கவில்லை. பையன் இருப்பது கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில். அங்கே ஆறு மாதமும் நான் பார்த்தது, பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஒருவர் மலை வேட்டைக்கு உடம்பைத் தயார் செய்ததை. 31 வருஷம் உங்களை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டவனுக்கு வேறு எது கண்ணில் படும்?

பதிவு கொஞ்சம் நீளம். 'சார் ஆரம்பிச்சுட்டார்' என்று பாதியில் ஓடிவிடாதீர்கள். முடிவில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

வேட்டை என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் சுளித்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அங்கே அரசாங்கமே விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து, பருவம் வகுத்து, உரிமச் சீட்டு கொடுக்கிறது. அது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அந்த மனிதர் எடுத்த பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம். போன மறுநாளே நேரம் மாறியதில் தூக்கம் வராமல், விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்றேன். எதிரே ஒருவர் முதுகில் பெரிய பையோடு தெருவில் ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். மறுபடி ஏறினார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து நின்றார். வயது 58. பையில் என்ன என்று சைகையில் கேட்டேன். திறந்து காட்டினார். மணல் மூட்டை!

பையன் என்னை உடற்கல்வி ஆசிரியர் என்று அறிமுகப்படுத்தி வைத்தான். அன்று முதல் நான் அவருக்கு 'கோச்'. அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதியை என் பேத்தி சொல்லுவாள்.

அவர் போவது எல்க் மான் வேட்டைக்கு. நம் கடமானைவிடப் பெரிய சாதி. வளர்ந்த ஆண் சுமார் 300 கிலோ இருக்கும். துப்பாக்கி கிடையாது, வில் அம்புதான். செப்டம்பர் மாதம் அதற்கான பருவம். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ராவா என்ற காட்டுக்குள் நடந்து போவார். அது பாதுகாக்கப்பட்ட வனம். மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளோ தள்ளுவண்டியோகூட உள்ளே போகக் கூடாது. குதிரை வைத்திருப்பவன் குதிரையில் போகலாம். இவரிடம் குதிரை இல்லை.

அவர் கூடாரம் போடும் இடம் ஏறக்குறைய 10,000 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர், அதாவது 8,650 அடிதான். 10,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். அதனால் வேட்டைக்கு இரண்டு நாள் முன்னாலேயே மேலே போய்ச் சும்மா தங்குவார். தலைவலி வந்து போகட்டும், உடம்பு பழகட்டும் என்று.

நான் ஒரு நாள் கேட்டேன், "மான் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா?" சிரித்தார். "கோச், அங்கேதான் வேலை ஆரம்பம்" என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினார். எலும்பு நீக்கிய கறி சுமார் 90 கிலோ. அதைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சட்டம் அனுமதிக்காது, சாப்பிடக்கூடிய கறியை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். ஒரு நடைக்கு 23 கிலோ என்றால் நாலு நடை. வண்டி ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். சுமையோடு நாலு முறை இறங்க வேண்டும், கை வீசி மூன்று முறை ஏற வேண்டும். மொத்தம் 35 கிலோமீட்டர், மலையில். வெயில் ஏறினால் கறி கெட்டுப்போகும், அதனால் நிதானமாகச் செய்யவும் முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை இப்படிச் சாகசம் செய்யப் போய், பயிற்சி இல்லாமல் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு என்றார்.

இப்போது அவருடைய பயிற்சி. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நமக்கும் உதவும்.

மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடுவார். முதலில் முதுகில் 9 கிலோ. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆகஸ்டில் 27 கிலோ. வாரத்தில் மூன்று நாள்தான் சுமை. மற்ற நாள் வெறும் நடை, ஒரு நாள் முழு ஓய்வு. சுமை நடையிலும் ஒரு விதி உண்டு: பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார். வேட்டைக்குப் போடும் அதே பூட்ஸ், அதே காலுறையில்தான் பயிற்சி. கொப்புளம் வருவதாக இருந்தால் ஊரிலேயே வந்து தொலையட்டும் என்பார்.

மலையேறுகிறவர்கள் சிலர் தண்ணீர் கேனைச் சுமந்து ஏறி, மேலே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முட்டிக்கு நோகாமல் இறங்குவார்கள். அதை அவரிடம் சொன்னேன். "எனக்கு அது ஆகாது. நான் வெறுங்கையோடு ஏறிச் சுமையோடு இறங்குகிறவன்" என்றார். அதனால் அவர் பயிற்சியில் பாதி, இறங்கும் பயிற்சி. வாசல் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் குதிகால் தரையைத் தொடும்வரை நாலு எண்ணி மெதுவாக இறங்குவார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. மறுநாள் காலில் பிடிக்கிற வலியும் பெரும்பாலும் அதனால்தான். ஏறுவதற்கு மட்டும் பழகியவன் இறங்கும்போதுதான் விழுவான். இத்தனை வருஷம் உங்களுக்கு ஏறச் சொல்லிக் கொடுத்தேன், இறங்கச் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை.

அடுத்தது மனப் பயிற்சி. இதை நான் முதலில் பயிற்சி என்றே நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வில் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பையோடு இரண்டு சுற்று ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று, ஒரே ஒரு அம்பு விட்டார். காட்டில் ஒரு அம்புக்குத்தான் வாய்ப்பு, அதுவும் நெஞ்சு படபடக்கும்போதுதான் என்றார். மறுபடி ஓடினார், வில்லை இழுத்தார், குறி பார்த்தார். பத்து விநாடி இருக்கும். எய்யாமல், மெதுவாக நாணைத் தளர்த்தி வில்லை இறக்கிவிட்டார். இப்படியே மூன்று நான்கு முறை.

"ஏன், குறி தப்பியதா?" என்றேன்.

"இல்லை. இதுவும் பயிற்சிதான். இழுத்த வில்லை இறக்கவும் பழக வேண்டும். ஆறு மாதம் உழைத்து, ஒரு வாரம் குளிரில் கிடந்து, மிருகம் எதிரே நிற்கும்போது, 'வேண்டாம்' என்று கை சொல்ல வேண்டுமே. அது தானாக வராது."

அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் மூன்று கேள்வி. இப்போது எங்கே இருக்கிறேன்? திரும்பிப் போக எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது? இங்கே விழுந்தால் யாருக்குத் தெரியும்? களைத்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது, அதனால் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டேன் என்றார். மூன்றாவது கேள்விக்குப் பதில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது: போகிற வழி, தங்குகிற இடம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர் மனைவிக்கு எழுதிய தாள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவியும் வைத்திருந்தார்.

மே மாதத்திலிருந்து நானும் கூட நடந்தேன். எனக்கு 66 வயது, சர்க்கரை உண்டு, வலது முட்டி பழையது. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் இரண்டு கிலோ அரிசி. ஆகஸ்டில் ஆறு கிலோ. 'அரிசி மூட்டையோட வாக்கிங் போற மனுஷனைப் பார்த்திருக்கியா' என்று உங்கள் டீச்சரம்மா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னது உண்மைதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஹார்ஸ்டூத் என்கிற பாறை உச்சிக்குப் போனோம். 7,000 அடிக்கு மேல். போக மட்டும் சுமார் நாலு கிலோமீட்டர். முக்கால்வாசி ஏறியதும் முட்டியில் ஒரு சுருக். உச்சி கண்ணெதிரே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டாவது கேள்வியில் நின்றேன். "நான் திரும்புகிறேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பந்தயத்தைப் பாதியில் விட்டேன். அவரும் என்னோடு திரும்பினார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

செப்டம்பரில் அவர் கிளம்பினார். ஏழாம் நாள் மாலை வண்டி வந்து நின்றது. முகம் கறுத்து, தாடி வளர்ந்து, லேசாகக் காலைத் தாங்கி இறங்கினார். பின்பக்கம் எதுவும் இல்லை.

மறுநாள் சொன்னார். நாலாம் நாள் சாயங்காலம், முப்பது கெஜத்தில், பக்கவாட்டில் திரும்பி ஒரு பெரிய ஆண் எல்க் நின்றதாம். காற்று இவருக்குச் சாதகம். வில்லை இழுத்துவிட்டார். அந்த மிருகத்துக்குப் பின்னால் செங்குத்தான பள்ளம். 2020-இல் அந்தப் பக்கம் பெரிய காட்டுத்தீ, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. எரிந்த மரங்கள் சாய்ந்தும் சாயாமலும் பள்ளம் முழுக்கக் கிடந்தன. அம்பு பட்ட மிருகம் கீழ்நோக்கி ஓடிவிடலாம். வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம். இரண்டாம் நாளே இவருக்கு முட்டி பிசகியிருந்தது. தனி ஆள். வில்லை இறக்கிவிட்டார். அந்த மிருகம் இன்னும் இரண்டு நிமிஷம் அங்கேயே நின்று மேய்ந்துவிட்டுப் போனதாம்.

"வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இரண்டு ராத்திரி தூங்கவில்லை, கோச். எய்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான்.

தொண்ணூறுகளில், மாவட்டப் போட்டிக்கு முந்திய வாரம். பத்தாம் வகுப்பு மாணவன். நன்றாக ஓடுவான். காலைப் பயிற்சியில் எட்டாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சார், முடியல சார், நிறுத்திக்கிறேன்" என்றான். "நின்னா ஜெயிக்க முடியுமாடா? ஓடு!" என்று கத்தினேன். ஓடினான். வேப்பமரத்துத் திருப்பத்தில் மயங்கி விழுந்தான். தாடையில் மூன்று தையல். மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "நேத்து காலையில அவன் சாப்பிடல சார். வீட்ல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார். நான் ஏதோ சமாளித்துப் பேசி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. 'மன உறுதி இல்லாத பையன்' என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மன உறுதி என்றால் நிற்காமல் ஓடுவது என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். உன் உடம்பு சொன்னதை நீ சரியாகக் கேட்டாய், வாய் விட்டும் சொன்னாய். கேட்காதவன் நான்தான்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று தெரியும், தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாய். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கும். அன்றைக்கே உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் சொல்கிறேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடப்பா. முடிந்தால் போன் செய். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் போகிறீர்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே நடக்க ஆரம்பியுங்கள். படி ஏறுவதோடு படி இறங்கியும் பழகுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கூட வருகிறவர் "முடியல" என்றால் கேலி செய்யாமல், அவரோடு இறங்கி வாருங்கள். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

அந்த எல்க் கறி சாப்பிட்டேனா என்று எப்படியும் கேட்பீர்கள். முந்தின வருஷக் கறி கொஞ்சம் அவர் ஃப்ரீஸரில் இருந்தது, கொடுத்தார். டீச்சரம்மா மிளகு போட்டு வறுத்தார். நாங்கள் சாப்பிட்டோம். அவருக்குத்தான் காரம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பாதியில் நிறுத்தவில்லை!

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்