அடுத்தவருக்குச் சொல்வது

லண்டன், பிப்ரவரி 2024, ஒரு வியாழக்கிழமை

காலை 5.20

இன்று விடுமுறை. வெளியே விடாத மழை. பிபிசி ரேடியோ 4-ஐ நாள் முழுக்க அணைக்காமல் வைப்பது என்று முடிவு. சமையலறையில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை தொடங்கிவிட்டது. வைக்கிங்... க்ராமர்ட்டி, ஃபோர்த், டைன், டாகர்... பிரிட்டனைச் சூழ்ந்த கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வடகிழக்கில் ஆரம்பித்து வலமாகச் சுற்றி வருகிறார்கள். மொத்த அறிக்கையும் சுமார் 350 சொல்லுக்குள் முடிய வேண்டும். முதலில் காற்று, கடைசியில் கண்ணுக்கெட்டும் தூரம் என வரிசை மாறாது. அதனால் எதைப் பற்றிப் பேச்சு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கையில் 'சூன்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள். 'லேட்டர்' என்றால் அதற்கும் பிறகு.

1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி, சுமார் 450 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-இல் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். டார்வினை பீகிள் கப்பலில் அழைத்துப் போன அதே மனிதர். 2002 முதல் 31 பகுதிகளில் ஒன்றுக்கு அவர் பெயர்.

என்னிடம் ஒரு தோணிகூடக் கிடையாது. இன்று மாலுமிகளுக்கு இந்தத் தகவல் வேறு வழிகளிலும் கிடைத்துவிடும். ஆனாலும் இதை நிறுத்துகிறோம் என்று சொல்லிப் பார்க்கட்டும், கரையில் இருப்பவர்கள்தான் முதலில் சண்டைக்கு வருவார்கள்.

5.45

விவசாயச் செய்தி. வயலில் தண்ணீர் நிற்கிறது, விதைப்பு தள்ளிப் போகிறது என்கிறார் ஒருவர். நேற்று வரை இந்த மழை எனக்குக் குடை சமாச்சாரம். இப்போது அடுத்த வருடத்து ரொட்டி விலை கண்ணில் தெரிகிறது.

7.45

'டுடே' என்ற காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு நடுவே மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஆன்மிகச் சிந்தனை. ஒரு நாள் பாதிரியார், ஒரு நாள் சீக்கியர், ஒரு நாள் இந்து, ஒரு நாள் முஸ்லிம். மதமே இல்லாதவருக்கு இங்கே இடமில்லை. அதைப் பற்றிப் பல வருடங்களாகப் புகார் உண்டு. அரசியல்வாதியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சியில், இந்த மூன்று நிமிடம் மட்டும் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

8.00

மணி அடிக்கும் ஆறு 'பிப்'. 1924 பிப்ரவரி 5-இல் தொடங்கியது. இந்த மாதம்தான் நூறு வருடம் நிறைந்திருக்கிறது. முதல் ஐந்தும் குட்டை, ஆறாவது மட்டும் நெட்டை; அந்த ஆறாவது தொடங்கும் கணம்தான் சரியான மணி. குளியலறையில் பழைய எஃப்எம் டிரான்சிஸ்டர், சமையலறையில் டிஜிட்டல் பெட்டி. பழையது ஓரிரு 'பிப்' அடித்த பிறகுதான் புதியது ஆரம்பிக்கிறது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் ஓரிரு நொடி போய்விடுகிறது. கைக்கடிகாரத்தைக் குளியலறையில் போய்த்தான் சரிசெய்தேன்.

9.00

'இன் அவர் டைம்'. 1998-இல் மெல்வின் பிராக் நடத்தத் தொடங்கியது. மூன்று பேராசிரியர்கள், ஒரே பொருள், முக்கால் மணி நேரம். ஒளிச்சேர்க்கையும் வந்திருக்கிறது, அசோகரும் வந்திருக்கிறார். பிராக் வணக்கம் சொல்லி வளர்ப்பதில்லை; முதல் நிமிடத்திலேயே கேள்வி. ஒரு பேராசிரியர் அடிக்குறிப்புக்குள் நுழையப் பார்த்தால், 'அது இருக்கட்டும், அடுத்து என்ன ஆயிற்று?' என்கிற பாணியில் இழுத்துவருகிறார். நிபுணர்கள் தங்களுக்குள் பேசுவதை, மேசைக்குக் கீழே உட்கார்ந்து கேட்கும் பிள்ளையின் சந்தோஷம்.

10.00

'விமன்ஸ் ஹவர்'. 1946-இல் தொடங்கியபோது இதை நடத்தியவர் ஓர் ஆண்: ஆலன் ஐவிமி. அப்போது மதியம் இரண்டு மணிக்கு வந்தது. பாத்திரம் கழுவி முடித்து அம்மாக்கள் உட்காரும் நேரம் என்று கணக்கு. 1991-இல் காலைக்கு மாற்றினார்கள். இன்று மாதவிடாய் நிற்கும் காலத்தில் அலுவலகம் போவதன் சிரமம் பற்றிப் பேச்சு. பெண்கள் பெண்களுக்குச் சொல்வதுதான். ஆனால் ஆண் மேலதிகாரிகள் தற்செயலாகக் கேட்டால் அவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.

மதியம் 2.00

நேற்றைய 'ஆர்ச்சர்ஸ்' நாடகத்தின் மறு ஒலிபரப்பு. ஆம்ப்ரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். ஒரு பகுதி பதின்மூன்று நிமிடம் வாக்கில். 1951 ஜனவரி 1 முதல் நாடெங்கும் ஒலிக்கிறது. போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீடித்த காலம் அது. புதிய விவசாய முறைகளைக் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டும், பாடம் நடத்தினால் கேட்க மாட்டார்கள் என்றுதான் காட்ஃப்ரி பேஸ்லி இதைக் கதையாக்கினார். நம் தஞ்சாவூரிலும் அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரப்பிய ஏடிடி 27 நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது.

1955 செப்டம்பர் 22, ஐடிவி என்ற போட்டித் தொலைக்காட்சி தொடங்கிய இரவு. அன்றைக்கென்று பார்த்து கிரேஸ் ஆர்ச்சரைத் தீ விபத்தில் சாகடித்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் அந்தச் சாவைப் பற்றித்தான் பேச்சு. இன்றைய காட்சியில் பண்ணைக் கேட் கிரீச்சிட்டுத் திறந்தது. ஸ்டூடியோவில் அந்தச் சத்தத்துக்குப் பயன்பட்டது பழைய இஸ்திரிப் பலகை என்று தெரிந்த பிறகும், என் கண் முன்னால் சேறும் கேட்டும்தான் வருகின்றன. படத்தை நாம் போட்டுக்கொள்கிறோம். அதனால்தான் எழுபது வருடக் கிராமம் பழசாகவில்லை.

3.27

மூன்று நிமிட நன்கொடை வேண்டுகோள். வாரம் ஒரு தொண்டு நிறுவனம். வழக்கம் 1926-லிருந்து வருகிறது.

6.30

நகைச்சுவை. பாதி ஜோக்குக்கு இந்த ஊர்ப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தோசை வார்த்து முடித்தேன்.

இரவு 10.45

ஒரு நாவலைக் கால் மணி நேரத் துண்டாக வாசிக்கிறார்கள். நடுவிலிருந்து கேட்டாலும் ஒரு நல்ல குரல் ஆளை உள்ளே இழுத்துவிடுகிறது.

11.30

'டுடே இன் பார்லிமெண்ட்'. 1945-இல் தொடங்கியது. நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தினமும் நடுநிலையோடு தொகுத்துச் சொல்ல வேண்டும் என்பது பிபிசி-க்கும் அரசுக்கும் உள்ள ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உறுப்பினர்களின் குரலை நிரந்தரமாக ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது 1978-இல்தான். அதுவரை அறிவிப்பாளரே எல்லாரும் பேசியதைச் சொன்னார்.

காலையிலிருந்து கேட்டதில் எனக்கென்று தயாரானது ஒன்றுமே இல்லை. மாலுமிக்குச் சொன்னது, குடியானவருக்குச் சொன்னது, வாக்காளருக்குச் சொன்னது. எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டேன். இந்த நாடு எதற்குக் கவலைப்படுகிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். என் விருப்பத்தைக் கேட்டுப் பரிமாறியிருந்தால் தெரிந்திருக்காது.

இதற்குக் காசு? வானொலிக்கான லைசென்ஸ் 1971-லேயே ரத்தாகிவிட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில்தான் மாலுமிக்கு வானிலையும் பாதிரியாருக்கு மூன்று நிமிடமும் கிடைக்கின்றன. அதை ஒழித்துச் சந்தா முறை கொண்டுவரலாம் என்பவர்கள் உண்டு. வேண்டியவர் வேண்டியதற்கு மட்டும் காசு கொடுக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டாகர் கடலின் காற்றுக்கு எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள்? நான் கட்ட மாட்டேன். அது இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காதே. அப்படி ஒரு மசோதா சபைக்கு வந்தால், அன்றிரவு பதினொன்றரைக்கு இதே நிகழ்ச்சி அதையும் நடுநிலையோடு அரை மணி நேரத்தில் தொகுத்துச் சொல்லிவிடும்.