சஸ்பென்ஸ் கணக்கு

எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரியாத தொகையை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் துருவுவது அதைத்தான். ஏதாவது ஒரு தலைப்புக்கு மாற்றித் தீர்த்தாக வேண்டும். நான் முதலில் போய்ப் பார்த்த மனநல ஆலோசகர்கள் இருவருக்கும் நான் அப்படியொரு பாக்கியாகத்தான் தெரிந்தேன்.

முதலாமவரிடம் போனது 2016இல், தூக்கம் கெட்டிருந்த சமயத்தில். கல்லூரியில் ஒரு பெண்ணை நேசித்தேன், பிறகு ஒரு நண்பனோடு நான்கு வருஷம் இருந்தேன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'பொண்ணையும் பிடிக்குதில்ல? அப்புறமென்ன சார், கல்யாணம் பண்ணிக்குங்க. மத்ததெல்லாம் தானா உதிர்ந்துடும்.'

2022இல் பார்த்தவர் முற்றிலும் வேறு மாதிரி. படிப்பாளி. 377 பற்றிய 2018 தீர்ப்பு, பால்விருப்பத்தை 'மாற்றும்' சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடுத்தது எல்லாம் அவருக்கு அத்துபடி. நண்பனைப் பற்றிப் பேசியபோது அவ்வளவு கவனமாகக் கேட்டார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார். 'ஊருக்குப் பயந்து நீங்களே கட்டிக்கிட்டது சார் அது. மெதுவா உங்களை நீங்களே ஒத்துக்குவீங்க' என்றார், மிகுந்த பரிவோடு. முதலாமவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இவர்மேல் வந்தது. நான் பத்திரமாக வைத்திருந்த ஒரு நினைவை, என் நன்மைக்கென்று சொல்லி, பொய்யாக்கப் பார்த்தார். ஆதரவுக்குத் தயாராகத்தான் இருந்தார். ஒரே ஒரு விடைக்கான ஆதரவு.

விமர்சகனுக்கு ஒரு சௌகரியம், புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம். நான் எச்.டி.யிடம் போனேன். ஹில்டா டூலிட்டிலை நம்மில் பலர் பவுண்டின் இமேஜிஸ்ட் கோஷ்டியில் ஒரு பெயராக மட்டுமே அறிவோம். 1933இல், 46 வயதில், வியன்னா போய் ஃப்ராய்டின் சோபாவில் படுத்தார். பவுண்டோடு நிச்சயமாகி முறிந்தது, ஃபிரான்சஸ் கிரெக்மேல் கொண்ட காதல், ஆல்டிங்டனோடு மணம், ப்ரையர் என்ற பெண்ணோடு வாழ்க்கை என்று எல்லாம் அவரோடு போயிற்று. ஃப்ராய்ட் எதையும் கழிக்கவில்லை. இருபாலீர்ப்புக்குக் குறைவற்ற உதாரணம் நீ என்று சொல்லிவிட்டார் போலும், எச்.டி. அதைக் குறும்போடு 1934இல் ப்ரையருக்கு எழுதுகிறார். கிழவர் சும்மாவும் விடவில்லை. எல்லாம் தாயைத் தேடுவது என்று ஒரு காரணம் பிடித்தார். (காரணம் சொல்லாமல் இருக்க முடியாதது அந்தத் தொழிலின் வியாதி. நம் விமர்சனத்துக்கும் உண்டு.) ஆனாலும் 1937இல் ஒரு கட்டுரையில், இருபாலரையும் விரும்புகிறவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள், இதில் வியக்க ஒன்றுமில்லை என்கிற தோரணையில் எழுதினார். அவர் பள்ளியிலிருந்து வந்த பெர்க்லர் 1956இல் அப்படியொரு ஸ்திதியே கிடையாதென்று அடித்துச் சொன்னார். என் ஆலோசகர்கள் இருவரும் பெர்க்லரைப் படித்திருக்கமாட்டார்கள். படிக்காமலே சீடர்கள்.

இப்போது போய்க்கொண்டிருப்பவர் சின்னப் பெண். மூன்றாம் முறையாக அதே கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, 'எங்க பாடத்துல இதுக்கு ஒரு பக்கம்கூட இல்ல சார். படிச்சுட்டுப் பேசறேன், ஒரு வாரம் குடுங்க' என்றார். 2021 உத்தரவை எழுதுமுன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே விஷயம் புரிய வேண்டுமென்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. மறுவாரம் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். பிறகு நண்பனின் பெயர். இரண்டையும் எழுதிக்கொண்டார், பக்கத்தில் கேள்விக்குறி எதுவும் போடாமல்.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை. இப்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.