பித்தளைத் தாம்பாளம்

எங்கள் வீட்டுக் கீழ்ப் பகுதியில் ஒரு பாட்டி குடியிருக்கிறார். வாடகை ரசீது கொடுக்கப் போனேன். அவர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம். மேலேயிருந்து அதில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளாக?" என்றேன்.

"போன ஐப்பசியிலிருந்து. சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பேசாம இருந்தேன், தம்பி."

நேர் மேலே என் குளியலறை. டைல்ஸ் பளபளவென்றுதான் இருந்தன. கொத்தனார் குந்தி உட்கார்ந்து, இரண்டு டைல்ஸுக்கு நடுவேயுள்ள சந்தை நகத்தால் கீறினார். மாவாக உதிர்ந்தது.

"டைல்ஸ் ஒழுகாதுங்க, சந்துதான் ஒழுகும்" என்றார்.

சந்தில் அடைக்கும் சிமெண்டு நீரை உறிஞ்சுமாம். சுவரும் தரையும் கூடும் மூலையில் இரண்டும் தனித்தனியே அசைவதால் அது வெடித்துவிடுமாம். அங்கே வளைந்து கொடுக்கும் சிலிக்கோன்தான் நிற்குமாம். இவையெல்லாம் மேல்காவல். உள்காவல், டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்க்காப்பு. என் வீட்டில் அது இல்லை. வீடு கட்டும்போது, "வீண் செலவு" என்று தடுத்தவன் நான்தான்.

எல்லாவற்றையும் பெயர்த்து, நீர்க்காப்புப் பூசிக் காயவிட்டு, 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கினோம். மறுநாள் கீழே போனேன். தாம்பாளம் உலர்ந்திருந்தது. பாட்டி அதைத் துலக்கி, இரண்டு வாழைப்பழம் வைத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொள்ளக் கை கூசிற்று.