பக்கவாத்தியம்

பாபிலோன் ஆறுகளின் கரையில் அமர்ந்து அழுத மக்களின் புலம்பலைத் திருப்பாடல்கள் நூலில் 137ஆம் பாடலாக நாம் வாசிக்கின்றோம். ஆலயம் இடிந்தது, நாடு போயிற்று, உற்றார் மாண்டனர். அந்நிலையில் அவர்கள் தங்கள் யாழ்களை என்ன செய்தார்கள் என்பதை அப்பாடல் போகிற போக்கில் கூறிச் செல்கின்றது. அவர்கள் யாழை உடைக்கவில்லை, ஆற்றில் எறியவில்லை, மரங்களில் மாட்டி வைத்தார்கள். குருமடத்தில் விவிலியம் பயின்ற நாள்களில், கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்ததையும் அதன் பின்வந்த அடிமை வாழ்வையும் விளக்கும் சான்றாக இப்பாடலைக் கற்றோம். மாட்டி வைத்த யாழின் கனம் எத்தகையது என்பதை ஐம்பது வயதைக் கடந்தபின் வாழ்க்கை எனக்குக் கற்பித்தது.

சென்ற ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் என் அக்காள் இறைவனடி சேர்ந்தார். எனக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்தார். அக்காளுக்கு அப்போது பதினைந்து வயது. அன்றுமுதல் அவரே எனக்குத் தாய். நூற்பாலைக்கு வேலைக்குச் சென்று, பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பி, அடுப்பை மூட்டிவிட்டு, செபமாலைக்கு முன் அன்னை மரியாவின் பாடல் ஒன்றைப் பாடுவார். அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர். ஆயினும் எந்த நாளும் அந்தப் பாடலை ஒரே சுருதியில்தான் எடுப்பார். நான் குருமடத்துக்குச் சென்றது அந்தக் கூலியாலும் அந்தப் பாடலாலுமே.

அவருடைய அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். கண் கலங்கவில்லை. மறுநாளே கணபதிக்குத் திரும்பிப் பங்குப் பணிகளில் இறங்கினேன். நோயாளிகளைச் சந்தித்தேன், திருமண ஓலைகளை வாசித்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. பாட மட்டும் இயலவில்லை. திருப்புகழ்மாலையின் திருப்பாடல்களை உதடு சொல்லும். உள்ளம் எங்கோ மரத்துப்போய் நிற்கும். பாட்டுத் திருப்பலியில் பாடவேண்டிய பகுதிகளை எல்லாம் வாசித்தே முடித்தேன். பங்கிலுள்ள மூதாட்டி ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, "சாமிக்குத் தொண்டை கட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்று தாமாகவே முடிவு செய்து, நாள்தோறும் சுக்குக் காப்பி கொடுத்தனுப்பினார். நான் அதை நன்றியோடு குடித்தேன்.

கணபதி, வார்ப்படப் பட்டறைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்த ஊர். சத்தி சாலையின் இருபுறமும் இரும்பின் ஓசைக்குக் குறைவிருக்காது. உயிர்ப்புப் பெருவிழா கழிந்த ஒரு சனிக்கிழமை, கோவில் கிணற்று மோட்டாருக்குப் பழைய பாகம் ஒன்று தேடி, உபதேசியாருடன் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளுக்குச் சென்றேன். ஒரு கடையில் உருக்குலைந்த மின்விசிறிகளுக்கும் செம்புக் கம்பிச் சுருள்களுக்கும் இடையே ஓர் ஆர்மோனியம் கிடந்தது. மேற்பலகை வெடித்திருந்தது. கட்டைகள் மஞ்சளேறிப் பழுத்திருந்தன.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கடைக்கார பாய் கண்டுகொண்டார்.

"ஃபாதருக்கு வாசிக்கத் தெரியுங்களா?"

"படிக்கிற காலத்துல கத்துக்கிட்டதுங்க, பாய். தொட்டே வருசக்கணக்காச்சு."

"சும்மா போட்டுப் பாருங்க. துருத்தியில ஓட்டை இருக்குதுங்க, இப்பவே சொல்லிப்புடறேன். வாசிச்ச பெரியவர் போயிட்டாருங்க. பசங்க எடத்த அடைக்குதுன்னு கொண்டாந்து போட்டுட்டாங்க."

குனிந்து துருத்தியை அசைத்தேன். இருமல் போல ஒரு காற்று வந்தது. பின்னர் மெலிந்த ஓர் ஒலி. கட்டைகளை உற்று நோக்கினேன். எல்லாக் கட்டைகளும் ஒன்றுபோல் தேயவில்லை. நான்கைந்து கட்டைகள் மட்டும் விரல் பதிந்து பதிந்து குழிந்திருந்தன. பெயர் தெரியாத அப்பெரியவரும், என் அக்காளைப் போலவே, ஒரே சுருதியில் வாழ்நாளெல்லாம் பாடியிருக்கவேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன். மோட்டார் பாகத்தை மறந்தே போனோம். உபதேசியார் ஒன்றும் கேட்கவில்லை. கருவியைத் தோளில் சுமந்து வந்தார்.

ஆர்மோனியம் நம் மண்ணில் பிறந்த கருவி அன்று. பிரான்சு நாட்டில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்து இயக்கும் பெரிய பெட்டியாகவே இது இந்தியாவுக்குள் வந்தது. தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறுகையால் வாசிக்கத்தக்க வடிவத்தை 1875ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அமைத்துத் தந்தார். அதன்பின் நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் நம் சிற்றாலயங்களும் இதைத் தம்முடையதாக்கிக் கொண்டன. ஆயினும் இசையறிஞர் பலர் இதை விரும்பவில்லை. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு முதல் நாளிலிருந்து இக்கருவியைத் தடை செய்தது. 1971 வரை அத்தடை தளரவில்லை. சொல்லப்பட்ட குறை உண்மையானதே. ஆர்மோனியத்தின் சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிலைபெற்றவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வழுக்கிச் செல்லும்போது எழும் கமகத்தை, வீணையும் வயலினும் பின்பற்றுவதுபோல் இது பின்பற்ற முடியாது.

நம் கொங்கு மண்ணின் மகள் ஒருவரை இங்கு நினைக்கத் தோன்றுகின்றது. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1927இல் நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933 டிசம்பர் 2ஆம் நாள், 28 வயது நிறைவதற்குள், கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயதே. வெள்ளுடை பூண்டார், மேடையைவிட்டு ஒதுங்கினார். அவருடைய யாழும் மாட்டி வைக்கப்பட்டது எனலாம். ஆனால் நிலையாக அன்று. காலம் கனிந்தபோது அவர் மீண்டும் பாடினார். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதன்பின் நெடுங்காலம் பாடிய அந்தக் குரலில் துயரம் மறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்; துயரம் அதில் பாட்டாகிவிட்டது என்பார்கள். கிட்டப்பாவின் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயர். பாடகர் முன்னே செல்ல, உடன்பிறப்பு பக்கத்தில் அமர்ந்து பின்தொடர்ந்த அந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு சற்றே நின்று போகின்றது.

நான் வாங்கி வந்த கருவியைப் பழுது பார்த்தவர் கணபதியைச் சேர்ந்த முதியவர். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்வதில் காலமெல்லாம் உழைத்தவர். மாலை வேளைகளில் பஜனைக் குழுக்களின் ஆர்மோனியங்களைச் சீர்செய்து கொடுப்பார். துருத்திக்குப் புதிய தோல் ஒட்டினார். ஊமையாயிருந்த ஒரு கட்டையைத் திறந்தபோது, பித்தளை ரீடின் அடியில் காய்ந்த வாழைநார்த் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. "ஆயுத பூசைக்குப் பூ வெச்சிருக்காங்க சாமி. பூவு உதுந்துருச்சு, நாரு நின்னுக்கிச்சுங்க" என்றார். பின்னர் ஒவ்வொரு ரீடாக எடுத்துச் சுருதி சேர்த்தார். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். "கூட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க சாமி, எல்லாம் எடுக்கறதுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

மறையுரைக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா என்று கேட்பீர்கள். இறைவனும் நம்மைச் சுருதி சேர்ப்பதற்காகவே நம் அன்பர்களை எடுத்துக்கொள்கிறார் என்று முடித்துவிடலாம் அன்றோ? நான் அப்படி முடிக்கமாட்டேன். என் அக்காள் என்னைச் செம்மைப்படுத்துவதற்கான கருவி அல்லர். தம்மளவில் இறைவனால் நேசிக்கப்பட்ட ஓர் ஆள். இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவர் விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. முதலில் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரைத் தாண்டிக்கொண்டு ஓடும் எந்த விளக்கமும் நற்செய்தி ஆகாது.

கருவி வீடு வந்த இரவு, பங்கு இல்லத்தின் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் அமர்ந்தேன். விரல்கள் தாமாகவே அக்காளின் சுருதியைத் தேடின. அது அந்தக் குழிந்த கட்டைகளுக்கு ஒரு கட்டை மேலே இருந்தது. பாடலின் முதல் அடியை வாசித்தேன். இரண்டாம் அடியில் என் குரலும் சேர்ந்தது. மூன்றாம் அடிக்கு நான் போகவில்லை. அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. நெடுநேரம் வந்தது. துருத்தியிலிருந்து கையை எடுத்ததும் சுரம் அடங்கிவிட்டது. மூச்சு கொடுத்தால் மட்டுமே ஒலிப்பது அதன் இயல்பு.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புகைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் தம் தாய் மோனிக்காவின் மரணத்தை எழுதியுள்ளார். கி.பி. 387இல் ஒஸ்தியா துறைமுக நகரில் அந்த அன்னை இறந்தபோது, சிறுவன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அழுதான். பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். எவோதியுஸ் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் அனைவரும் பதில் பாடினார்கள். அகுஸ்தினாரோ அழவில்லை. அடக்கம் முடிந்தது, குளித்தும் பார்த்தார், துயரம் கரையவில்லை. உறங்கி எழுந்தபின், புனித அம்புரோஸ் இயற்றிய இரவுப் பாடலின் அடிகள் தனிமையில் அவர் நினைவுக்கு வந்தன. அதன் பிறகே, தேக்கி வைத்த கண்ணீரை இறைவன் முன்னிலையில் அவர் பெருக விட்டார். பாட்டு அவர் அழுகையை நிறுத்தவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதற்கு வழி திறந்துவிட்டது. நம் தமிழ்த் திருச்சபைக்கும் இது தெரியும். வீரமாமுனிவர் வியாகுல அன்னையின் துயரத்தை 'அன்னை அழுங்கல் அந்தாதி' எனப் பாடி வைத்தது, அழுகை விசுவாசத்துக்கு எதிரி என்று எண்ணியதாலா? விசுவாசம் உள்ளவர்களும் அழவேண்டும் என்பதற்காகவே.

இப்போது அந்த ஆர்மோனியம் கோவிலின் பக்க மண்டபத்தில் இருக்கின்றது. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று மாலை, பட்டறை விபத்தில் மகனை இழந்த தாய் ஒருவர் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக அங்கே வந்தார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "பேச வேண்டாமுங்க சாமி. அதெ வாசிங்க" என்றார். வாசித்தேன். அவர் ஒரு பாடலை முணுமுணுத்தார், நடுவில் நிறுத்தினார், அழுதார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே சென்றேன். அவர் நின்ற இடங்களில் ஆதாரச் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நம் முன்னோர் இத்தகைய துணைக்குப் பக்கவாத்தியம் என்று பெயரிட்டார்கள். பக்கத்தில் இருப்பது, முந்திக்கொள்ளாதது, பாடுபவர் நின்றால் தானும் நிற்பது. துயருற்றோரைத் தேற்றும் பணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை இறையியல் நூல்களில் நான் கண்டதில்லை. பிறருடைய துயரத்தின் வளைவு நெளிவுகளை எல்லாம் நம்மால் பின்பற்ற இயலாது. அக்கமகம் அவரவர் குரலுக்கே உரியது. அன்று வானொலி கண்ட குறை ஆர்மோனியத்துக்கு மட்டுமன்று, ஆறுதல் சொல்லும் நம் எல்லாருக்கும் உண்டு. ஆயினும் ஒன்று செய்யலாம்: சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பாபிலோனில் அந்த மக்களைப் பாடச் சொல்லி வற்புறுத்தியவர்கள் யார்? சிறைப்படுத்தியவர்கள். இழவு வீட்டில் மூன்றாம் நாளே "மனத்தைத் தேற்றிக்கொள், சிரித்த முகமாய் இரு" என்று அவசரப்படுத்தும்போது, நாமும் அறியாமல் அந்த வரிசையில் போய் நின்றுவிடக்கூடும். அன்பர்களே, உங்கள் தெருவிலும் உறவிலும் யாழை மரத்தில் மாட்டி வைத்திருப்போர் இருப்பர். அதைக் கழற்றி அவர்கள் கையில் திணிக்கவேண்டாம். மழையிலும் வெயிலிலும் அது கெட்டுப்போகாதவாறு காவல் இருங்கள். மாட்டிய கையே ஒருநாள் அதை எடுக்கும். எடுக்கும் நாளில், பக்கத்தில் அமர ஓர் ஆள் வேண்டும்.