அப்பாவின் லோரியில் ஜிம் ரீவ்ஸ்

நாட்டுப்புறப் பாட்டு என்றால் நமக்குத் தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் நினைவுக்கு வரும். பாலிக் புலாவில் எங்கள் வீட்டில் அந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: அமெரிக்கக் 'கண்ட்ரி' பாட்டு. தமிழ் வானொலியில் அறிவிப்பாளராக இருந்துகொண்டு இதைச் சொன்னால், "கவ்பாய் தொப்பி எங்கே?" என்று சக அறிவிப்பாளர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அப்பா பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பிறகு பாலிக் புலாவுக்கு வந்து லோரி ஓட்டினார். கிராம்பு, ஜாதிக்காய், சீசன் வந்தால் டுரியான். லோரியில் இரண்டே கேசட். ஒன்று டி.எம்.எஸ்., மற்றது ஜிம் ரீவ்ஸ். தோட்டத்துக் கிராணி வீட்டு ரேடியோவில் சின்ன வயதில் கேட்டுப் பழகிய குரலாம். ஆங்கிலம் பாதிதான் புரியும். "இந்த ஆளு கத்தமாட்டாரும்மா, பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி பாடுவாரு" என்பார்.

அது எவ்வளவு சரி என்பது ஊடகத்துறைப் படிப்பின்போதுதான் புரிந்தது. 1923இல் டெக்சஸில் பிறந்த ரீவ்ஸ், முதலில் பேஸ்பால் வீரர். காயம் பட்டு ஆட்டத்தை விட்டவர், வானொலி அறிவிப்பாளரானார். ஆமாம், எங்கள் தொழில்தான்! ஆரம்பத்தில் மற்றவர்களைப் போல உரக்கத்தான் பாடினார். பிறகு சுருதியை இறக்கி, உதடு மைக்கைத் தொடும் அளவுக்கு நெருங்கி நின்று பாட ஆரம்பித்தார். இசைத்தட்டு நிறுவனத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் பக்கபலமாக நின்றார். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா என்று எங்கெங்கோ போனது. 1964 ஜூலை 31 அன்று நேஷ்வில் அருகே, தானே ஓட்டிய சிறு விமானம் மழைப் புயலில் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 40.

வயலினும் கோரஸும் சேர்த்து மெருகேற்றிய அந்த 'நேஷ்வில் சவுண்ட்' பழைய ரசிகர்கள் பலருக்குக் கசந்தது. எனக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் திகட்டும். கரடுமுரடாக வேண்டுமென்றால் ஹாங்க் வில்லியம்ஸ் இருக்கிறார். 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரிலேயே இறந்துபோனவர். அவர் பாட்டில் இழையும் ஸ்டீல் கிட்டார் ஹவாயில் பிறந்த வாத்தியம். தந்திமேல் இரும்பை வழுக்கவிட்டு வாசிப்பதால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுபட்டுப் போகும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே படாது.

கண்ட்ரி பாட்டில் ரயில் வராமல் இருக்காது. 1927இல் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்த ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரயில் ஊதினால் யாரோ பிரிகிறார்கள் என்று அர்த்தம். பினாங்குத் தமிழனுக்கு அந்த ஊதல் 'ரஜூலா' கப்பலுடையது. 1969க்குப் பிறகு சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறினார்கள். என் அத்தையும் மாமாவோடு போனார். அப்பா அப்போது சின்னப் பையன். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிரிவுப் பாட்டு வந்தால் லோரியில் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், நாங்களும் பேசமாட்டோம்.

சார்லி பிரைடை அப்பாவுக்கு அறிமுகம் செய்தது நான். மிசிசிப்பியில் குத்தகை நிலத்தில் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை, சிறு வயதில் பருத்தி பறித்தவர். 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வானொலிகளுக்கு அனுப்பியபோது நிறுவனம் வேண்டுமென்றே புகைப்படம் வைக்கவில்லை. வெள்ளைக்காரர் பாட்டு என்று பெயரெடுத்த இசையில், முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டார்கள், ரசித்தார்கள். 1971இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் அவ்வாண்டின் சிறந்த கலைஞர் விருது அவருக்குத்தான். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "பருத்திக்கும் பேரட்டு உண்டா?"

எங்கள் நிகழ்ச்சியில் ஆங்கிலப் பாட்டு போட முடியாது. அதனால் ஓர் இரவு பிரைடின் கதையை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றை ஒலிபரப்பினேன். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் தம்பி எந்தக் கப்பலில் போனான், என்ன சட்டை போட்டிருந்தான் என்று சொன்னார். செய்தி நேரம் வந்துவிட்டது, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் பசியாறும்போது அப்பாவிடம், "அத்தை பேரை, ஊரைச் சொல்லி ரேடியோவில் கேட்கட்டுமா?" என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், மாமாவின் ஊர்ப் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் கைப்பைக்குள் வைத்திருந்தார்.