தர்மத்துக்குக் கிரேக்கத்தில் என்ன பெயர்?

'தர்மம் பண்ணுங்கம்மா' என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு கை நீளும்போது, தர்மம் என்றால் ஐந்து ரூபாய். தர்மபுரிக்காரர்களுக்கு அது ஊர்ப் பெயரும்கூட. தினமும் புழங்குகிற சொல்தான். ஆனால் 'தர்மம்னா என்ன?' என்று ஒரு குழந்தை கேட்டால், பெரியவர்களுக்கே சட்டென்று பதில் வராது.

இதே சங்கடம் அசோகர் காலத்திலும் வந்தது. அவர் ஆட்சியின் வடமேற்கு எல்லையில், இன்றைய ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில், கிரேக்கம் பேசும் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்காகப் பாறையில் வெட்டிய கல்வெட்டு 1958-ல் கிடைத்தது. மேலே கிரேக்கம், கீழே அரமேயம். அசோகர் 'தம்மம்' என்று சொன்னதைக் கிரேக்கத்தில் எழுதியவர் தேர்ந்தெடுத்த சொல் 'யூசெபெயா'.

'யூ' என்றால் நன்றாக. அடுத்த பகுதி, வணங்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தெய்வத்திடமும் பெற்றவர்களிடமும் காட்டும் பயபக்திக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர் அது. அதன் எதிர்ச்சொல் 'அசெபெயா'. கி.மு. 399-ல் சாக்ரடீசை விஷம் குடிக்க வைத்தது அந்தக் குற்றச்சாட்டுதான். பக்தி என்றால் என்ன என்று சாக்ரடீஸ் ஒருவரை விடாமல் கேட்பதாக பிளேட்டோ ஒரு நூலே எழுதினார். கடைசிவரை விடை கிடைக்காது.

காந்தஹார் கல்வெட்டோ விளக்கமே சொல்லவில்லை. செயல்களைச் சொன்னது. அரசர் உயிர்களைக் கொல்வதைத் தவிர்க்கிறார். அரச வேடர்களும் மீனவர்களும் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். மக்கள் தாய் தந்தையருக்கும் மூத்தவர்களுக்கும் கட்டுப்பட்டு நடக்கிறார்கள். கோயில் வாசனை வீசிய ஒரு சொல்லுக்குள் உயிரிரக்கமும் வந்து சேர்ந்தது.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டும் அப்படித்தான். மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம், மூலிகைகள், வழியோர மரங்கள், கிணறுகள். இவை சென்று சேர்ந்த நாடுகளின் பட்டியலில் கிரேக்க அரசர் அந்தியோகஸும் இருக்கிறார். சோழர், பாண்டியரோடு 'சதியபுத்திரர்' என்பவரும் இருக்கிறார். அவர் யார் என்பதற்கு, திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டு பதில் சொன்னது. சதியபுத்திரர் என்ற பட்டத்தோடு அதில் நிற்பவர் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்த் தலைவர். அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி.

இதே மாவட்டத்தில் பிறந்த பெண் சிசுக்களைக் கொன்ற காலமும் இருந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தர்மபுரிக்கும் வர வேண்டியிருந்தது. பெயர்ப்பலகையில் இருந்த தர்மம் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. கொல்லாமல் தொட்டிலில் விட்டுப்போன கைகளும், அங்கிருந்து தூக்கி வளர்த்த கைகளும்தான் காப்பாற்றின.

குழந்தை கேட்கும் கேள்விக்கு அகராதியில் பதில் தேட வேண்டாம். ஒரு உயிரைக் காத்த கதையைச் சொன்னால் அதற்குப் புரிந்துவிடும்.