ஒரு 'பி' வந்திட்டு சேர்



உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் போனுக்கு ஓய்வே இல்லை. மூன்று 'ஏ' எடுத்த வீட்டு அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு 'ஏ'யும் ஒரு 'பி'யும் எடுத்த பிள்ளையின் உம்மா எடுத்தால்தான் நீளும். "மகள் ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடுறாவும் இல்ல சேர். கெமிஸ்ட்ரில ஒரு 'பி' வந்திட்டு. எல்லாம் போயிட்டா?"

போகவில்லை. இதை வருடாவருடம் வாயால் சொல்லிக் களைத்ததால் இம்முறை எழுதுகிறோம்.

சில கற்கைநெறிகள் குறிப்பிட்ட பாடங்களில் குறைந்தபட்சத் தரமொன்றைக் கேட்கும்தான். அதைத் தாண்டினால் வரிசையைத் தீர்மானிப்பது எழுத்தல்ல, இசட் புள்ளி. 65 எடுத்தவருக்கும் 74 எடுத்தவருக்கும் அதே 'பி'தான். 75 எடுத்தால் 'ஏ'. ஆனால் இசட் புள்ளி அந்தப் பாடத்தை எழுதிய எல்லோரோடும் ஒப்பிட்டே வருகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 என்று வைப்போம். அதில் 75 எடுத்தவருக்கு 1.67. இன்னொரு கடினமான பாடத்தில் சராசரி 40, விலகல் 12 என்றால், 70 எடுத்தவருக்கு 2.5. முதலாமவருக்கு 'ஏ', இரண்டாமவருக்கு 'பி'. யார் மேலே? மூன்று பாடங்களின் இசட் புள்ளிச் சராசரிதான் பெறுபேற்றில் வருவது. பக்கத்து வீட்டு மூன்று 'ஏ'யை விட உங்கள் மகளின் புள்ளி கூடவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமலே அழுதுவிடுகிறோம்.

அடுத்தது மாவட்டம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் எங்கள் அம்பாறையும் இருக்கிறது. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மாவட்ட நிலையைப் பாருங்கள்.

உண்மையில் நாங்கள் பயப்படுவது விண்ணப்பப் படிவத்துக்குத்தான். "மருத்துவம் கிடைக்காது, அதை மேலே போட்டால் மற்றதும் போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விருப்பு ஒழுங்கை மாற்றிவிடுகிறார்கள். அப்படிப் போகாது. மேலே உள்ளதற்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆகவே பிள்ளை விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால் மருத்துவத்தோடு நிறுத்தாதீர்கள். தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடம், யூனானி, விவசாயம், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் என்று எவ்வளவோ உண்டு. ஒரு 'பி' வந்ததால் மனம் விட்டு, படிவமே நிரப்பாத வீடுகளும் ஊரில் உண்டு. அதிலும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். "போதும் மகள்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

இதற்கிடையில் சந்தியில் மூன்று 'ஏ' எடுத்தவர்களின் பேனர் வேறு. வாழ்த்துவது நல்லதுதான்; ஆனால் அந்த வழியால்தான் மற்றப் பிள்ளையும் கடைக்குப் போக வேண்டும்.

விண்ணப்பம் கோரியதும் கையேட்டோடு பாடசாலைக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். உம்மா வாப்பாவுக்கு நேரமில்லாவிட்டால் பிள்ளையை மட்டுமாவது அனுப்புங்கள்.